முன்னோர் விட்டுச் சென்ற மரபணு

ஒரே வீட்டில் ஒரே நச்சுக்கிருமி புகுகிறது. ஒருவருக்கு அது இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடுகிறது; இன்னொருவருக்கு மூச்சே முட்டிப் போகிறது. 2020ஆம் ஆண்டில் கோவிட்-19 பரவியபோது இதை நாம் கண்ணாரக் கண்டோம். முதுமையும் நீரிழிவு போன்ற நோய்களும் பெரிய காரணங்கள்தாம். ஆனால், திடகாத்திரமான சிலரும் படுக்கையில் விழுந்தார்களே, அது ஏன்?

ரப்பர் மரங்களை நாம் அறிவோம். இலைநோய் வந்தால் ஒரு ரக மரம் மொட்டையாகி நிற்கும்; பக்கத்து நிரையிலுள்ள வேறு ரகத்துக்கு ஒன்றும் ஆகாது. மனிதரிடமும் இப்படிப் பிறவி வேறுபாடு உண்டா என்று அறிஞர்கள் தேடினார்கள். அந்தத் தேடல் அவர்களை மிகப் பழைய எலும்புகளிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

1856ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளர்கள் ஒரு குகையில் சில எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். கரடியின் எலும்புகள் என்றே முதலில் எண்ணினர். அவை பண்டைய மனிதனுடையவை என்று உணர்ந்தவர் ஃபுல்ரோட் என்னும் பள்ளி ஆசிரியர். நியாண்டர்தால் மனிதர் என்று பெயர் பெற்ற அந்த இனத்தார் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டனர்.

ஆனால், அவர்கள் சுவடின்றி மறையவில்லை. ஸ்வாந்தே பேபோ என்னும் அறிஞரின் குழு நியாண்டர்தால் எலும்புகளின் மரபணுத் தொகுதியைப் படித்து 2010இல் வெளியிட்டது. நம் முன்னோர் அவர்களோடு கலந்திருந்தனர் என்பது அப்போது தெரிய வந்தது. 2022இல் பேபோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2020இல் ஹூகோ செபெர்க் என்பவரும் பேபோவும் கோவிட் நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். மூன்றாம் குரோமோசோமின் ஒரு துண்டு நோயைக் கடுமையாக்குவதைக் கண்டார்கள். குரோவாஷியா நாட்டுக் குகையொன்றில் கிடைத்த நியாண்டர்தால் எலும்பிலும் அதே துண்டு இருந்தது! ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் நம்மவரிடம் வந்து சேர்ந்த சொத்து இது. ஐரோப்பியரில் 16 விழுக்காட்டினரிடமும், இந்தியா, வங்காளதேசம் உள்ளிட்ட தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப்பேரிடமும் இது உண்டு. சீனா, ஜப்பான் பக்கம் அநேகமாக இல்லை. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நம்மில் பலரிடமும் இருக்கக்கூடும்.

இதைக் கேட்டுத் தலைவிதி என்று தலையில் கை வைக்க வேண்டியதில்லை. இத்துண்டு ஆபத்தைக் கூட்டுகிறது, அவ்வளவே. இதைச் சுமந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தெழுந்தனர். தடுப்பூசி இவர்களையும் காத்தது. முதுமை விளைத்த ஆபத்தோ இதைவிடப் பன்மடங்கு பெரிது.

அதே நியாண்டர்தால் மனிதர் நன்மையும் செய்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் குரோமோசோமில் அவர்கள் விட்டுச் சென்ற வேறொரு துண்டு கோவிட்டின் கடுமையை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறது என்று 2021இல் தெரிந்தது. இன்னும் வேடிக்கை, கோவிட்டில் கெடுதல் செய்யும் முதல் துண்டு எய்ட்ஸ் கிருமி தொற்றும் வாய்ப்பை 27 விழுக்காடு குறைப்பதாக 2022இல் செபெர்க் கண்டார். எய்ட்ஸ் கிருமி மனிதரிடையே பரவியதோ 20ஆம் நூற்றாண்டில்தான். அப்படியானால் இத்துண்டு அதற்கு முன் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் நிலைத்து நின்றது எதனால்? பெரியம்மை, வாந்திபேதி போன்ற பழைய கொள்ளைநோய்களில் இது கைகொடுத்திருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம்.