பின்லாந்தும் நாமும்: ஆசிரியர் கல்வியில் அரசின் பங்கு

ஆசிரியர் கல்வியைச் சீர்திருத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் பின்லாந்தின் பெயர் அடிபடும். அந்த அரசு என்ன செய்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 1970களில் பழைய ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களை மூடிப் பயிற்சியைப் பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைத்தது. 1979இல் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டத்தைக் கட்டாயமாக்கியது. படிப்புக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இடங்கள் குறைவு. பல ஆண்டுகள், விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத்தான் இடம் கிடைத்தது. இப்படி முதலிலேயே சலித்தெடுத்ததால், 1990களின் தொடக்கத்தில் பள்ளி ஆய்வாளர் முறையையே துணிந்து கைவிட முடிந்தது.

நம் அரசு அங்கீகாரம் வழங்கும் அலுவலகமாக நின்றுவிட்டது. 1973இல் ஆலோசனைக் குழுவாகத் தொடங்கிய தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அதிகாரம் கிடைத்தது. அதன்பின் கல்லூரிகள் புற்றீசலாய்ப் பெருகின. பணிக்கு முந்தைய பயிற்சி நிறுவனங்களில் சுமார் 90 விழுக்காடு தனியார் கையில் இருப்பதாக 2012இல் நீதிபதி வர்மா ஆணையம் சொன்னது. அந்த ஆணையத்தை அமைத்ததும் அரசு அல்ல, உச்ச நீதிமன்றம்!

வேறுபாடு பளிச்சென்று தெரிவது கற்பித்தல் பயிற்சியில்தான். பின்லாந்தில் பல்கலைக்கழகத்துக்கே சொந்தமான பயிற்சிப் பள்ளிகள் உண்டு. பயிற்சி மாணவர் பாடம் நடத்த, அனுபவமுள்ள ஆசிரியர் உட்கார்ந்து கவனிப்பார். பிறகு இருவரும் அந்த வகுப்பை அலசுவார்கள். இங்கே பி.எட். மாணவர் ஏதோ ஒரு பள்ளிக்குப் போவார். லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். பாடக்குறிப்பு, சார்ட், ரெக்கார்டு நோட்டு எல்லாம் சேர்ந்தால் மதிப்பெண் வந்துவிடும். கல்லூரிப் பக்கமே போகாமல் பட்டம் வாங்கியவர்களும் உண்டு. இப்படி வெளியே வருபவர்களை ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) வைத்து வடிகட்டுகிறோம். பயிற்சியில் விட்டதைத் தேர்வில் பிடிக்க முடியுமா?

நம் மக்கள்தொகைக்கு அந்தச் சிறிய நாடு அளவுகோலா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 1986 கல்விக் கொள்கை மாவட்டந்தோறும் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் என்ற நல்ல ஏற்பாட்டைத் தந்தது. அந்த நிறுவனங்களை விரிவுரையாளர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் இடங்களாக்கியது மக்கள்தொகை அல்ல.

2020 கல்விக் கொள்கை 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். பட்டத்தைக் குறைந்தபட்சத் தகுதியாக்கச் சொல்கிறது. ஆண்டைக் கூட்டுவது எளிது, 2014இல் பி.எட்.டை இரண்டாண்டாக்கியும் பார்த்தாயிற்று. அரசு முதலில் தன் மாவட்டப் பயிற்சி நிறுவனங்களின் காலியிடங்களை நிரப்பட்டும்.