உதாரண வாக்கியங்கள் வழியே ஆங்கிலம்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, நெய்யாறு கடலில் கலக்கும் இடம் பூவார். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே இருந்துவிட்டது. ஆகவே எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், உத்தியோகத்துக்கு ஆங்கிலம் என்று மூன்று பாஷைகள் தேவைப்பட்டன.

இச்சீமையில் ஆங்கிலப் படிப்பின் சரித்திரம் பழையது. ஸ்வாதித் திருநாள் மகாராஜாவுக்கு (1813-1846) ஆங்கிலம் போதித்தவர் தஞ்சாவூர் சுப்பா ராவ். 'இங்கிலீஷ் சுப்பா ராவ்' என்றே பெயர் பெற்ற இவர் பின்னாளில் திவானும் ஆனார். 1825ல் கர்னல் வெல்ஷ் என்பவர் இளவரசரைச் சந்தித்தபோது, அந்தச் சிறுவர் யூக்ளிடின் 47ஆம் தேற்றத்துக்குப் பலகையில் படம் போட்டுக் காட்டினார். 'ஜியோமெட்ரி' என்ற சொல் சம்ஸ்கிருதத்திலிருந்து வந்தது என்று ஆங்கிலத்திலேயே எடுத்துச் சொன்னாராம். அது கிரேக்கச் சொல்தான். ஆனாலும் தன் மனதில் தோன்றியதை அந்நிய பாஷையில் சொல்ல அவரால் முடிந்ததே, அதுவல்லவா படிப்பு! அவரே 1834ல் நாகர்கோவிலிலிருந்து ஜான் ராபர்ட்ஸ் என்பவரை வரவழைத்துத் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளியை ஏற்படுத்தினார். 1866ல் அது கல்லூரியாக உயர்ந்தது.

எங்கள் தலைமுறைக்கு ஆங்கிலம் என்றால் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம்தான். அந்த ரென், 1924ல் வெளிவந்த 'பியூ ஜெஸ்ட்' நாவலை எழுதியவரும் ஆவார். ஒவ்வொரு விதியின் கீழும் உதாரணங்கள் தந்திருப்பார். பள்ளிகளிலோ விதியை மட்டும் ஒப்பிக்கச் சொல்வார்கள்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி வேறு வழி கண்டார். 1942ல் அங்கு அச்சாகி, 1948ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அவரது அகராதி, ஒரு வினைச்சொல் எந்த மாதிரி வாக்கியத்தில் வரும் என்பதை உதாரணத்தோடு காட்டிற்று. பி.எஸ்ஸி. முடித்து அரசாங்க உத்தியோகத்தில் கோப்புகள் எழுதியபோது, எனக்குக் கைகொடுத்தது இம்முறைதான்.

ஓர் உதாரணம். நாம் 'விஷயத்தைப் பற்றி விவாதித்தோம்' என்கிறோம். அதனால் 'டிஸ்கஸ்டு அபௌட் த மேட்டர்' என்று எழுதத் தோன்றும். 'வீ டிஸ்கஸ்டு த மேட்டர்' என்பதே சரி. 'ஐ வான்ட் ஹிம் டு கோ' என்று சொல்லலாம். 'ஐ சஜஸ்ட் ஹிம் டு கோ' என்று சொல்லக்கூடாது. 'ஐ சஜஸ்ட் தட் ஹி கோ' என்க வேண்டும். அர்த்தத்தை மட்டும் தெரிந்துகொண்டால் இந்த வித்தியாசம் புரியாது. வாக்கியமாக மனதில் பதிந்தால் மறக்காது.

இன்று பல ஊர்களில், பல தேசங்களில் உள்ள நம் பேரக்குழந்தைகளுக்கு ஆங்கிலம் சரளமாக வருகிறது, தமிழ்தான் தடுமாறுகிறது. அவர்களிடம் வேற்றுமை உருபுகளில் ஆரம்பிக்க வேண்டாம். 'எனக்குப் பசிக்கிறது', 'தாத்தாவுக்குத் தூக்கம் வருகிறது' என்று தினம் இரண்டு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள். நான்காம் வேற்றுமை தானாகவே வந்துவிடும்.