பயிற்சி ஆசிரியையும் நம் பிள்ளையும்

ஷா ஆலமிலிருந்து வந்திருக்கும் ஒரு தாயார் சற்று முன் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "என் மகன் சிறப்புக் கல்வி வகுப்பில் இருக்கிறான். இன்னும் படித்து முடிக்காத பயிற்சி ஆசிரியையை அங்கே அனுப்புகிறார்களே, என் பிள்ளையை வைத்தா அவர் தொழில் பழக வேண்டும்?" நியாயமான கோபம்தான். இதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1900ஆம் ஆண்டில் ரோம் நகரில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு ஆசிரியர்களைத் தயார்ப்படுத்த ஒரு பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். அதன் இயக்குநர்களில் ஒருவர் மரியா மொண்டிசோரி அம்மையார். படிப்பால் அவர் மருத்துவர். அந்தப் பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்தே பிள்ளைகளின் வகுப்பும் நடந்தது, அதுதான் விசேஷம். விரிவுரை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது, பிள்ளைகளின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அம்மையாரே காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை அவர்களுக்குக் கற்பித்தார். அந்த இரண்டு ஆண்டுகளே ஆசிரியத் தொழிலில் தமக்குக் கிடைத்த உண்மையான பட்டம் என்ற பொருளில் பின்னாளில் எழுதினார். இதே அம்மையார்தான் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர்.

நம் நாட்டில் பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்குக்குச் சென்றது. காது கேளாதோருக்கான பள்ளி 1954இல் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் எழுந்தது. பள்ளிகள் வந்தன, ஆசிரியர்கள்? 1960களில்தான் கோலாலம்பூர் செராஸ் கல்லூரியில் உள்நாட்டுப் பயிற்சி ஆரம்பமானது. கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான வகுப்பு 1988இல் கோலாலம்பூரில் முன்னோட்டமாக நடந்தது. 1993இல் பாங்கி தேசியப் பல்கலைக்கழகம் இத்துறையில் இளங்கலைப் பட்டம் கொண்டுவந்தது. மாற்றுத்திறன் பிள்ளை எவரையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019இல் வந்தபின் ஆசிரியர் தேவை இன்னும் கூடிவிட்டது.

மணி அடித்தால் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடும். இன்னொன்று ஒரே நிறத் தட்டில்தான் சாப்பிடும். எந்தப் பிள்ளைக்கு எது என்பது புத்தகத்தில் இல்லை. கழிவறைப் பழக்கம் சொல்லிக்கொடுக்கத் தயங்குகிற பட்டதாரி இந்த வேலைக்கு வந்து என்ன பயன்? வகுப்பில் இருக்கும் மாணவர் உதவியாளரிடம், நம்மவர் 'பிபிஎம்' என்பார்களே, அவரிடமே பயிற்சி ஆசிரியை பாதிப் பாடத்தைக் கற்றுக்கொள்கிறார். வழிகாட்டும் மூத்த ஆசிரியர் அருகில் இருக்க வேண்டும் என்பது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. அவர் இல்லாத வகுப்பில் பயிற்சியாளரைத் தனியே விட்டால், அம்மா, உங்கள் கோபத்தில் நானும் சேர்ந்துகொள்வேன்.

தாயார் விடவில்லை. "சரி ஐயா, பழகிய பிறகு அந்தப் பெண் போய்விடுவாரே, என் மகன் தேடுவானே?" ரோம் நகர வரலாற்றில் இதற்குப் பதில் இல்லை. நல்ல வகுப்புகளில் ஒன்று செய்கிறார்கள்: முதல் வாரமே நாள்காட்டியில் அந்த ஆசிரியை கிளம்பும் தேதியில் அவருடைய படத்தை ஒட்டிவிடுகிறார்கள். தினமும் காலையில் ஒரு கட்டத்தை அடிப்பது அந்தப் பிள்ளையின் வேலை.