உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணியோட கதை



போன வாரம் பேரனுக்கு வயித்தால போச்சு. அங்கன்வாடியில ஓ.ஆர்.எஸ். பாக்கெட் குடுத்தாங்க. ஒரு லிட்டர் ஆறின தண்ணியில முழுசா கரைச்சு ஸ்பூன் ஸ்பூனா குடுத்தோம். மூணாம் நாள் கோழியைத் துரத்திக்கிட்டு ஓடுறான். அதைப் பார்த்ததும் எனக்கு என் தங்கச்சி ஞாபகம் வந்துருச்சு.

1977ல எனக்கு ஏழு வயசு. தங்கச்சிக்கு ஒரு வயசு நிறையலை. இதே மாதிரிதான் போச்சு. உச்சிக்குழி அமுங்கிருச்சு, கண்ணு குழி விழுந்துருச்சு, அழுதா கண்ணீர் வரலை. உரம் விழுந்திருக்குன்னு அப்பத்தா சேலையில போட்டு உருட்டுச்சு. தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு அதையும் நிறுத்திட்டாங்க. அன்னைக்கு ஊரே அப்படித்தான் நம்புச்சு. மறுநாள் விடியுறதுக்குள்ள போயிட்டா.

ஆனா அதுக்கு முன்னாடியே மருந்து கண்டுபிடிச்சிட்டாங்க. வயித்துப்போக்குல வெறும் தண்ணியைக் குடல் சரியா இழுக்காது. உப்போட சர்க்கரையும் சரியான அளவுல சேர்ந்தா ரெண்டும் சேர்ந்து உள்ளே போகும், கூடவே தண்ணியும் போகும். 1968ல டாக்காவுல காலரா நோயாளிகளுக்கு வாய்வழியா குடுத்துப் பார்த்து, இது வேலை செய்யுதுன்னு டாக்டர்கள் நிரூபிச்சாங்க.

1971ல வங்கதேசப் போர் நடந்தப்போ லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தாங்க. பன்காவ்ங்கிற எல்லை ஊர்ல காலரா. ஆஸ்பத்திரியில படுக்க இடமில்லை, நரம்புல ஏத்துற பாட்டிலும் தீர்ந்துக்கிட்டு இருந்துச்சு. திலீப் மகலனாபிஸ்ங்கிற டாக்டர் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூணையும் தண்ணியில கலக்கி, நோயாளியோட சொந்தக்காரங்க கையிலயே குடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூத்துக்கு முப்பது பேர் செத்துக்கிட்டு இருந்த இடத்துல சாவு நாலுக்கும் கீழ இறங்குச்சு. 1978ல லான்செட் பத்திரிகை இதை இந்த நூற்றாண்டோட மிகப்பெரிய மருத்துவ முன்னேற்றமா இருக்கலாம்னு எழுதுச்சு. அவர் 2022ல காலமானார். அடுத்த வருசம் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க.

வங்கதேசத்துல 1980லேர்ந்து பிராக் அமைப்புப் பெண்கள் வீடு வீடா போய், மூணு விரல்ல எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணின்னு தாய்மாருக்குக் கத்துக் குடுத்தாங்க.

எங்க ஊருக்கு அந்தச் சேதி வர வருசக்கணக்காச்சு. அப்பத்தா மேல எனக்குக் கோவம் இல்லை. தெரிஞ்சிருந்தா ராத்திரி பூரா உக்காந்து ஊட்டியிருக்கும்.

பாக்கெட் கிடைக்கலைன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிறக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல துத்தநாக மாத்திரை குடுத்தா சொன்ன 14 நாளும் குடுங்க. மலத்துல ரத்தம் வந்தா, குடிச்சதெல்லாம் வாந்தி எடுத்தா, குடிக்க முடியாம துவண்டு கிடந்தா, கண்ணு குழி விழுந்தா, வீட்டுல வச்சுப் பார்க்காம உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

ரெண்டு பாக்கெட் எப்பவும் வீட்டு அலமாரியில கிடக்கட்டும்.