ஊரை மறந்த பூஞ்சணம்

பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தக் கதையைத் தொடங்கி வைத்தவரே சட்டம் படித்தவர்தான் :-)

இத்தாலியில் லோடி என்று ஓர் ஊர். அந்தப் பக்கம் பட்டுப்புழுக்கள் வெள்ளை மாவு பூசினாற்போல் விறைத்துச் செத்துக்கொண்டிருந்தன. அகோஸ்டினோ பஸ்ஸி 1807-ல் ஆராயத் தொடங்கி, 1835-ல் காரணத்தை வெளியிட்டார்: ஒரு பூஞ்சணம்! நோய்க்கு நுண்ணுயிர் காரணம் என்று பாஸ்டருக்கு முன்பே காட்டியவர். அவர் பெயரால்தான் அதற்கு 'பவேரியா பாசியானா' என்று பெயர்.

சரி, அந்தக் கொலைகாரனையே நாம் வேலைக்கு வைத்துக்கொண்டால்? 1879-ல் ஒடெஸ்ஸாவில் மெச்னிகாஃப் (1908-ல் நோபல் வாங்கியவர்) கோதுமை வண்டுகளைக் கொல்ல 'மெட்டாரைசியம்' என்ற பச்சைப் பூஞ்சணத்தை முயன்றார்.

அது கொல்லும் விதம் 1980-களில், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வுகளில் துலங்கியது. பூச்சியின் தோல், புரதமும் கைட்டினும் பின்னிய கவசம். பூஞ்சண வித்து அதில் ஒட்டி முளைத்து நொதிகளைச் சுரக்கும். முதலில் புரோட்டியேஸ் புரதத்தைக் கரைக்கும், பிறகு கைட்டினேஸ் வரும். எங்கள் லாக்கர் மாதிரி, இரண்டு சாவியும் வேண்டும். பூச்சி அதைத் தின்ன வேண்டியதில்லை, மேலே பட்டாலே போதும்.

அடுத்த கட்டம் நமக்குப் பக்கத்திலேயே. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முகுந்த் தேஷ்பாண்டே குழுவினர், துவரையைத் துளைக்கும் காய்ப்புழுவுக்கு எதிராக மெட்டாரைசியத்தைச் சோதித்தார்கள். மாட்டுங்கா சாம்பாரில் கொதிப்பதும் துவரம்பருப்புதானே! அவர்கள் கண்டது இது: ஆய்வகத் தட்டில் ஊட்டி ஊட்டித் திரும்பத் திரும்ப வளர்த்தால் பூஞ்சணத்தின் கொல்லும் திறன் குறைகிறது. ஒருமுறை பூச்சியின் உடலில் வளரவிட்டால் திறன் திரும்புகிறது.

தாராவியிலும் செம்பூரிலும் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது புரியும். இங்கே மறக்கும் தமிழ், மே மாத லீவில் ஊருக்குப் போனால் திரும்பி வருகிறதல்லவா?

ஊரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காண்டாமிருக வண்டின் புழுக்கள் எருக்குழியில்தான் வளர்கின்றன. மெட்டாரைசியத்தை அங்கேயே கலக்கச் சொல்லுங்கள். அது உயிருள்ள சரக்கு: காலாவதித் தேதி பார்க்கணும், வெயிலில் வைக்கக் கூடாது, பூஞ்சணக்கொல்லியோடு சேர்க்கவே கூடாது. மறுநாளே பலன் தெரியாது, சில நாள் பொறுக்கணும். அந்தப் பொறுமை இல்லாமல் அவசரப்பட்டு விஷம் வாங்கினால், அது நம் கிணற்றுக்கும் போகலாம்.