கெர்சொப்பா: அருவியும் மிளகும் சிங்கவால் குரங்கும்

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் மழைக்காலத்தில் விரும்பிப் போய் வரும் இடம் ஜோக் அருவி. ஷராவதி ஆறு ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என நான்கு பிரிவாக 830 அடி ஆழத்தில் விழுகிறது. பாறைச் சுவரை ஒட்டி உழவாரக் குருவிகள் கூட்டமாய்ச் சுற்றும். பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, நம்மவர்கள் திரும்பி விடுகிறார்கள். ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயர் கெர்சொப்பா அருவி. அந்தப் பெயருக்குரிய ஊர் ஆற்றின் போக்கில் கீழே, காட்டுக்குள் இருக்கிறது. அதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிவாஜிநகரில் நாற்பது வருஷமாக மளிகை வியாபாரம் செய்பவன் நான். கெர்சொப்பா என்றதும் எனக்கு மிளகுதான் ஞாபகம் வரும். சங்கத் தமிழில் மிளகுக்குக் 'கறி' என்று பெயர். யவனர் முசிறித் துறையில் பொன்னைக் கொடுத்து அதை வாங்கிப் போன செய்தி அகநானூறு 149ஆம் பாடலில் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் யவனர் இடத்துக்குப் போர்ச்சுகீசியர் வந்தார்கள். அப்போது கெர்சொப்பாவை ஆண்டவர் சமண அரசி சென்னபைராதேவி. 1552 முதல் 1606 வரை 54 ஆண்டுகள் ஆண்டார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. போர்ச்சுகீசியர் அவரை 'மிளகு ராணி' என்றே அழைத்தார்கள். அங்கே இன்றும் நிற்கும் சதுர்முக பஸதிக்கு நான்கு திசையிலும் வாசல். நான்கு பக்கமும் தீர்த்தங்கரர் திருமேனி. மேல்சித்தாமூர், திருமலை ஜினாலயங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மழைக்காட்டின் நடுவே அதைக் கண்டபோது சொந்த ஊருக்கு வந்தாற்போல இருந்தது.

இக்கேரி நாயக்கரிடம் அரசி தோற்றார், சிறையிலேயே மறைந்தார். 1623இல் அவ்வழியே போன இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே, அரண்மனை இடிந்து மரம் முளைத்துக் கிடப்பதை எழுதி வைத்திருக்கிறார். இருபது வருஷத்துக்குள் ஊரைக் காடு மூடிவிட்டது.

அந்தக் காடுதான் ஊரின் செல்வத்துக்கே மூலம். மிளகுக்கொடி படர மரம் வேண்டும், நிழல் வேண்டும், பூக்கும் நேரத்தில் மழை வேண்டும். மழைநீர் பூந்தாரில் வழிந்து மகரந்தத்தைப் பரப்பினால்தான் மணி நன்றாகப் பிடிக்கும். ஜோக்கிலிருந்து ஹொன்னாவர் போகும் வழியில் 'கத்தலெகான்' என்றொரு காடு. கன்னடத்தில் இருட்டுக்காடு என்று பொருள். அங்கே சதுப்பு நீரில் காட்டு ஜாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. மூச்சுவிட வேர்களை முழங்கால் போல் வளைத்து மேலே தூக்கி வைத்திருக்கும். மரப்பொந்தில் இருவாச்சிப் பறவை கூடு வைக்கும். மர உச்சியில் சிங்கவால் குரங்கு வாழ்கிறது. கருப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். கன்னடர் இதைச் 'சிங்களீக' என்பார்கள். நம் ஆனைமலைப் பக்கம் சோலைமந்தி. மேற்குத் தொடர்ச்சி மலை தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. அதன் வடகோடி எல்லை இந்தப் பக்கத்துக் காடுகளே.

பெங்களூருக்கு 1905இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்விளக்கு வந்தது. 1948இல் ஜோக் மின்நிலையமும் ஓடத் தொடங்கியது. 1964இல் லிங்கனமக்கி அணை கட்டியபின், நல்ல மழை பெய்தால்தான் அருவிக்குப் பழைய உருவம். 2019இல் இந்தக் குரங்கின் பெயராலேயே ஷராவதிப் பள்ளத்தாக்கில் சரணாலயம் அறிவித்தார்கள். அதே பள்ளத்தாக்கில் தலகளலெ, கெர்சொப்பா நீர்த்தேக்கங்களை இணைத்து 2,000 மெகாவாட் நீரேற்று மின்திட்டமும் வகுத்தார்கள். கீழே உள்ள நீரை மேலே ஏற்றி வைத்து, நகரம் அதிகம் கேட்கும் நேரத்தில் விடுவது இதன் முறை. ஏற்றச் செலவாகும் மின்சாரம் கிடைப்பதைவிட அதிகம். காடு துண்டாகும் என்று எதிர்ப்பும் எழுந்தது. மரத்துக்கு மரம் தாவி வாழும் பிராணிக்கு நடுவில் ஓர் அகலப் பாதை விழுந்தால், அதுவே மதில்சுவர்.

என் கடை விளக்கும் அந்த மின்சாரத்தில்தான் எரிகிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் வியாபாரிக்கு ஒரு கணக்குத் தெரியும்: வட்டியை எடுத்துச் செலவு செய்யலாம், முதலைத் தொடக்கூடாது. மிளகு ராணி காலத்தில் மிளகு வட்டி, காடு முதல். ராஜ்யம் போன பிறகும் முதல் பத்திரமாக இருந்தது. அடுத்த முறை ஜோக் போகிறவர்கள், ஒரு நாள் கூடத் தங்கி, கெர்சொப்பா வரை இறங்கி, அந்த முதலையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.