பழி சுமந்த கன்வெர்ட்டர்

1975-ஆம் ஆண்டு மாடல் ஷெவர்லே கார்வெட்டின் அடிப்பகுதியைப் பார்த்தால், அந்தக் காரின் பிரியர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பது புரியும். வி-8 இன்ஜினின் இருபுறமிருந்தும் வரும் புகைக்குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்து, புகையின் நச்சு வாயுக்களை வினையூக்கியால் அழிக்கும் ஒரே ஒரு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் டப்பாவுக்குள் நுழைந்து, வெளியே வந்தபின் மறுபடி இரண்டாகப் பிரிந்தன. பின்னால் நின்று பார்ப்பவருக்கு இரட்டைக் குழாய், இன்ஜினுக்கோ ஒற்றை மூக்கு. அந்த ஆண்டு அடிப்படை இன்ஜினின் திறன் 195 குதிரைத்திறனிலிருந்து 165-க்கு இறங்கியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே 5.7 லிட்டர் அளவில் எல்டி-1 என்ற இன்ஜின் 370 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்தது. 370 இருந்தது, டப்பா வந்தது, 165 ஆனது: அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார்களின் கன்வெர்ட்டரைக் கழற்றி எறியும் வழக்கத்துக்கு அரை நூற்றாண்டாக நியாயம் சொல்லி வந்திருப்பது இந்தக் கணக்குத்தான். இது தவறான கணக்கு. கார்வெட்டின் சக்தி பெரும்பாலும் கன்வெர்ட்டர் வருவதற்கு முன்பே போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர உதவியவற்றில் கன்வெர்ட்டரும் ஒன்று.

முதலில் எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 370 என்பது கூடுதல் விலைக்கு விற்ற, முறுக்கேற்றிய இன்ஜினின் எண். 165 என்பது சாதாரண இன்ஜினின் எண். 1970-இன் சாதாரண இன்ஜினுக்கு அறிவிக்கப்பட்டதே 300தான். 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் இன்ஜின்களின் கம்ப்ரெஷன் விகிதத்தைக் குறைத்தது. எல்டி-1இல் அது 11-க்கு 1 என்பதிலிருந்து 9-க்கு 1 ஆனது, திறன் 330 ஆனது. சாதாரண இன்ஜின் 270-க்கு வந்தது. அடுத்த ஆண்டு அளக்கும் முறையே மாறியது. அதுவரை காற்று வடிகட்டி, விசிறி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் இன்ஜினை மேடையில் ஓட்டி எடுத்த எண்ணையே விளம்பரத்தில் போட்டார்கள். 1972 முதல் இவை எல்லாவற்றையும் மாட்டியபின் கிடைக்கும் எண்ணைச் சொன்னார்கள். 270 ஒரே தாவலில் 200 ஆனது இப்படித்தான். இன்ஜினில் குறைந்தது கொஞ்சம், காகிதத்தில் குறைந்ததுதான் அதிகம். கன்வெர்ட்டர் பொருத்திய கார்கள் விற்பனைக்கு வந்தது 1974-இன் இலையுதிர்காலத்தில். அதன் தலையில் கட்டக்கூடிய இழப்பு அந்தக் கடைசி 30 மட்டுமே. அதிலும் பாதியை அடுத்த ஆண்டே மீட்டுவிட்டார்கள்: 1976 கார்வெட் கன்வெர்ட்டருடனேயே 180 குதிரைத்திறன் தந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கம்ப்ரெஷனைக் குறைத்ததே ஈயமற்ற பெட்ரோலுக்காக, ஈயமற்ற பெட்ரோல் வந்ததே கன்வெர்ட்டருக்காக, எனவே மூலக் குற்றவாளி கன்வெர்ட்டர்தானே என்று கேட்கலாம். பாதி உண்மை இதில் இருக்கிறது. பிரான்சில் பிறந்த யூஜின் ஹூட்ரி 1950-களிலேயே கார்ப் புகைக்கான கன்வெர்ட்டருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பெட்ரோலில் கலந்த ஈயம் வினையூக்கியைச் செயலிழக்க வைத்ததால் அது சாலைக்கு வரவில்லை. ஈயத்தை எடுக்கச் சொல்லி 1970-இல் வெளிப்படையாகப் பேசிய வாகனத் துறைப் பெருந்தலை ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் எட்வர்ட் கோல். கார்வெட்டைக் கார்வெட்டாக்கிய சிறிய வி-8 இன்ஜின், அவர் ஷெவர்லேயின் தலைமைப் பொறியாளராக இருந்தபோது உருவானது. வேகத்தின் எதிரிகள் திணித்த பொருள் கன்வெர்ட்டர் என்று சொல்பவர்கள் இந்த மனிதரை மறந்துவிடுகிறார்கள். ஈயமோ கன்வெர்ட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. அது தந்த, அதிகக் கம்ப்ரெஷனுக்கு இடம் கொடுத்த உயர்ந்த ஆக்டேனைக் கடனாகத்தான் கருத வேண்டும், அந்தக் கடனைத் தெருவில் நடந்தவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

புகையும் அப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸின் கண்ணெரியும் புகைமூட்டத்துக்குக் காரணம் கார்களின் எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதே என்று கால்டெக்கின் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். 1970-இன் தூய காற்றுச் சட்டம், ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 1975 மாடல்களுக்குள் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கெடு பின்னர் தள்ளிப்போனாலும் திசை மாறவில்லை. கன்வெர்ட்டர் வருவதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இன்ஜினுக்குள்ளேயே புகையைக் குறைக்கப் பார்த்தார்கள். தீப்பொறியைத் தாமதப்படுத்தினார்கள், பெட்ரோல் கலவையை மெலிதாக்கினார்கள், புகையையே ஒரு பங்கு உள்ளே திருப்பி அனுப்பினார்கள். வண்டி திணறியது, பெட்ரோலைக் குடித்தது. 1975-இல் சுத்தம் செய்யும் வேலை குழாய்க்குப் போனதால் இன்ஜினைக் கொஞ்சம் இயல்பாக ஓடவிட முடிந்தது, மைலேஜும் கூடியது.

ஆனால் கோபம் வந்தவர்கள் கையில் ஸ்பேனர் இருந்தது. ‘டெஸ்ட் பைப்’ என்ற பெயரில் கன்வெர்ட்டரின் நீளத்துக்கே வெட்டிய வெற்றுக் குழாய்கள் கடைகளில் விற்றன. சோதனைக்காக என்று பெயர், சோதித்தபின் அதை யாரும் கழற்றவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் அன்றைய கன்வெர்ட்டரில் வினையூக்கி சிறு மணிகளாக இருந்தது. அடியிலிருந்த அடைப்பானைத் திறந்து மணிகளைக் கொட்டிவிட்டால், பார்வைக்கு டப்பா அப்படியே இருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் விலை குறைவு என்பதால் டாங்கின் குறுகிய வாயைப் பெரிதாக்கி அதை ஊற்றியவர்களும் உண்டு. அந்த ஈயம் கன்வெர்ட்டரைக் கெடுத்தது, கெட்ட கன்வெர்ட்டர் ‘பார், அடைக்கிறது’ என்பதற்குச் சாட்சியாயிற்று. 1977-இல் பழுதுபார்க்கும் கடைகள் அதைக் கழற்றுவது குற்றமாக்கப்பட்டது. சொந்தக்காரர் தானே கழற்றினால் கூட்டாட்சிச் சட்டம் அப்போதும் தொடவில்லை. கழற்றியவர்களுக்கு 370 கிடைத்ததா என்றால், இல்லை. 8.5-க்கு 1 என்ற தாழ்ந்த கம்ப்ரெஷன் அப்படியேதான் இருந்தது.

போன சக்தி திரும்பி வந்ததோ கன்வெர்ட்டருடனேயே. 1980-இல் கலிஃபோர்னியாவில் மட்டும் கார்வெட்டுக்கு 5 லிட்டர் இன்ஜின் வந்தது. கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்வதற்காக ஆக்சிஜன் சென்சாரும் கலவையைத் திருத்தும் கணினியும் கொண்ட அது 180 குதிரைத்திறன் தந்தது. மற்ற மாநிலங்களில் விற்ற 5.7 லிட்டர் தந்தது 190. பிறகு 1990 மாடலாக இசட்ஆர்-1 என்ற கார்வெட் வந்தது. லோட்டஸ் வடிவமைத்த 32 வால்வு இன்ஜின், அதே 5.7 லிட்டர், கம்ப்ரெஷன் மறுபடி சுமார் 11-க்கு 1, ஈயமற்ற பெட்ரோல், கன்வெர்ட்டர்கள், 375 குதிரைத்திறன். இது எல்லா உறுப்புகளையும் மாட்டி அளந்த 375. பழைய 370 அவற்றைக் கழற்றிவைத்து அளந்தது. அதே 1990-இல்தான் சட்டம் திருத்தப்பட்டு, சொந்தக்காரர் கழற்றுவதும் டெஸ்ட் பைப் விற்பதும் குற்றமாயின.

இன்றும் கழற்றினால் சில குதிரைத்திறன் கூடும் என்பதை மறுக்கவில்லை. 1996 முதல் கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு சென்சார் காவல் இருப்பதால் கணினியையும் ஏமாற்றியாக வேண்டும். அவ்வளவு பாடுபடுவது பெரும்பாலும் ஓசைக்காகத்தான். ஓசையின் மேல் உள்ள ஆசை உண்மையானது, அதைச் சைலன்சரை மாற்றியே பெருமளவு தீர்த்துக்கொள்ளலாம். ஸ்போர்ட்ஸ் கார்கள் எத்தனை ஓடப்போகின்றன என்பார்கள். சூடேறிய நல்ல கன்வெர்ட்டர் நச்சு வாயுக்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிக்கிறது. எனவே கழற்றிய ஒரு கார் பத்துக் கார்களின் புகையையாவது விடும். ‘சிலர்தானே’ என்பதும் நிற்கவில்லை. பத்தே ஆண்டுகளில் 5,50,000-க்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்டோ முடக்கப்பட்டோ இருந்ததாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது. டிரெய்லரில் ஏற்றிப் பந்தயத் திடலுக்கு மட்டும் போகும் காரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் ‘சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டு விற்ற குழாய்கள், நம்பர் பிளேட் மாட்டிய கார்களின் அடியில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.